எல், லா, ஏலக்காய் ஸ்டோர்

குவாத்தமாலாவுக்குப் போவதற்காகத்தான் ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்தேன். ஆனால் அந்த மொழியை நம்பி நான் செய்த முதல் பயணம் போடியிலிருந்து, போடிமெட்டுக்கு மேலே இருக்கும் ஒரு ஏலத்தோட்டம் வரைக்கும்தான். மொத்தம் மூன்று நாள். பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை. இருந்தும் இவ்வளவு பயந்துகொண்டு நான் எங்கேயும் போனதில்லை.

போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியின் குடோனில் எட்டு வருஷமாகக் காய் தரம் பிரிக்கிறேன். எங்கள் ஊரில் காய் என்றால் ஏலக்காய்தான், மற்றதெல்லாம் காய்கறி. கையில் அள்ளினாலே எது பதமாகக் காய்ந்தது, எதில் புகை ஏறியது, எதை அவசரப்பட்டு இறக்கினார்கள் என்று சொல்லிவிடுவேன். ஆனால் காயை உலர்த்துகிற இடம், அதாவது ஸ்டோர், எனக்குக் கிடைக்காது. நான் பார்த்த வரையில் மலையில் எந்த ஸ்டோரையும் பெண்ணிடம் ஒப்படைத்ததில்லை. பறிப்பது பெண்கள், பிரிப்பது பெண்கள், நடுவில் இருக்கிற நெருப்பு மட்டும் ஆண்களுடையது. எட்டு வருஷமாக அந்த நெருப்புக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

குவாத்தமாலாவில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் மார்த்தா என்ற அம்மா வரப்போகிறார், நம் காயின் பச்சை நிறம் எப்படி வருகிறது என்று பார்ப்பார், தன் ஸ்டோரை ஒரு வருஷம் நடத்த இங்கிருந்து ஒருவரைக் கூட்டிப் போவார் என்று முதலாளி ஒருநாள் சொன்னார். "எனக்கு ஸ்பானிஷ் தெரியும் மொதலாளி" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது 'ஓலா' ஒன்றுதான்.

ஏழு வாரம் இருந்தது. மதுரையிலிருந்து ஒரு டீச்சர் போனில் பாடம் எடுத்தார். மூன்றாவது வகுப்பிலேயே ஆர்ட்டிகிள் என்ற பூதம் கிளம்பிவிட்டது. அந்த மொழியில் ஒவ்வொரு பொருளும் ஆண் அல்லது பெண். ஆணுக்கு முன்னால் 'எல்', பெண்ணுக்கு முன்னால் 'லா'. பலவாக இருந்தால் 'லோஸ்', 'லாஸ்'. இன்னது என்று இல்லாமல் ஏதோ ஒன்று என்றால் 'உன்', 'உனா'. நெருப்பு ஆண், எல் ஃபுவேகோ. விறகு பெண், லா லேன்யா. வாளி ஆண், கரண்டி பெண். 'ஓ'வில் முடிந்தால் ஆண், 'ஆ'வில் முடிந்தால் பெண் என்று ஒரு வழி காட்டிவிட்டு, அடுத்த நிமிஷமே, கை மட்டும் 'ஓ'வில் முடிந்தாலும் பெண், லா மானோ என்றார். ஏன் டீச்சர் என்றேன். "ஏன்னு கேக்காதீங்க ஈஸ்வரி, பழகிக்கோங்க" என்றார்.

நமக்கு அவன், அவள், அவர் என்கிற வம்பெல்லாம் மனிதர்களோடு முடிந்துவிடுகிறது. வாளிக்கும் கரண்டிக்கும் 'அது' போதும். போடிக்குப் பக்கத்தில் சிலமலையில் எங்கள் வீட்டு அடுப்படியில் நின்று ஒவ்வொரு சாமானாகத் தொட்டு எல், லா என்று சொல்லிப் பழகினேன். அம்மா எட்டிப் பார்த்து, "யாரடி வையிற?" என்றாள்.

முதல் நாளே விழுந்தது இடி. இங்கிலீஷ் தெரிந்த மகனோடு வருவதாக இருந்த மார்த்தா தனியாக வந்து இறங்கினார். மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொச்சியில் ஒரு ஓட்டலில் படுத்துவிட்டான். இனி முதலாளியின் இங்கிலீஷும் உதவாது. அந்த அம்மாவுக்கும் இந்த ஊருக்கும் நடுவில் நான் ஒருத்திதான்.

மார்த்தாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கட்டை உருவம், மாநிறம், பின்னல், தோளில் கைத்தறிச் சால்வை. பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் விட்டால் தேனிக்குப் போகிற அம்மா என்றுதான் நினைப்பார்கள். ஓட்டலில் பரோட்டாவைப் பிய்த்து முகர்ந்து பார்த்து, தங்கள் ஊர் சோள ரொட்டிக்கு இது பணக்காரச் சொந்தம் என்றார். அதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது. அடுத்து ஏலக்காய் டீ. ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரையே பார்த்தார். "எங்கள் ஊரில் யாரும் இதை வாயில் வைப்பதில்லை. மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றுவதோடு சரி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாழ்நாள் முழுக்கக் காய் விளைவித்தவர், அதைப் போட்ட டீயை இப்போதுதான் குடிக்கிறார்.

எனக்கு டீ பிடிக்கும் என்று சொல்லப்போய் ஆர்ட்டிகிளை விட்டேன். "எல் தே" என்று திருத்தினார். இந்தத் தம்ளரில் இருக்கிற டீயைச் சொல்லவில்லையே, பொதுவாகத்தானே சொன்னேன் என்று விழித்தேன். பொதுவாகச் சொன்னாலும் வேண்டுமாம். உலகத்து டீ எல்லாம் சேர்ந்து ஒரு 'எல் தே'. "உன் வார்த்தைகள் எல்லாம் செருப்பில்லாமல் வருகின்றன" என்று சிரித்தார். எங்கள் ஊரில் செருப்பைக் கழற்றிவிட்டு வருவதுதான் மரியாதை என்று பதில் சொல்ல ஆசை. அந்த அளவுக்கு ஸ்பானிஷ் இல்லை.

குடோனில் மார்த்தா ஒரு பிடி காயை என் முன்னால் போட்டார். பேசாமல் பிரித்து வைத்தேன். ஒதுக்கிய காய் ஒன்றை எடுத்து, இதில் என்ன என்றார். ஆவி போகாமல் வெந்த காய் என்பதை நடித்துத்தான் காட்டினேன். கன்னத்தை உப்பி, நெற்றி வியர்வையைத் துடைத்து, மூச்சுத் திணறினேன். தரகர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு இதை ஸ்டோரில் வைத்துச் சொல்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உயிர் வந்தது.

இரண்டாம் நாள் காலையில் டிரைவர் பாண்டி அண்ணன் ஜீப்பில் கிளம்பினோம். தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை அடைத்துக்கொண்டு மற்ற ஜீப்புகள் எங்களை முந்திப் போய்க்கொண்டிருந்தன. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று மார்த்தா எண்ணப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார். பாதி மலையில் எங்கள் ரேடியேட்டர் கொதித்து நின்றது. "பயப்படாத தங்கச்சி, தண்ணி ஊத்துனா வெரசா கெளம்பிரும்" என்று பாண்டி அண்ணன் பாட்டிலோடு ஓடையைத் தேடிப் போனார்.

கொண்டை ஊசி வளைவில், பனிமூட்டத்தில், சுவரில் உட்கார்ந்திருந்தபோதுதான் அடிவயிறு இழுத்தது. நான்கு நாள் முன்கூட்டி வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்து மார்த்தா என்ன செய்கிறது என்றார். 'என் வயிறு வலிக்கிறது' என்றேன். அப்போதும் திருத்தினார். உடம்பில் வலிக்கிற இடத்துக்கு 'என்' வேண்டாம், லா பார்ரிகா போதும். யாருடைய வயிறு என்று கேட்பவருக்குத் தெரியாதா என்றார். வலியோடு அதையும் மனப்பாடம் செய்தேன். மகனைப் போல் எனக்கும் வயிற்றுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு மாத்திரை கொடுத்தார்.

போடிமெட்டில் ஒரு பெட்டிக்கடையில் பேட் வாங்கினேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் அதைப் பழைய பேப்பரில் சுற்றி, "வேற எந்தா சேச்சி?" என்று மலையாளத்தில் கேட்டார். டீக்கடைப் பின்புறத்தில் தகரக் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு மாற்றினேன். பேட்டைவிட எனக்கு வேறு கவலை. நாங்கள் போவது தங்கராசு மாமா பார்க்கிற ஸ்டோருக்கு.

உறவுக்காரர் இல்லை, மலையில் எல்லோருக்கும் அவர் மாமா. முப்பது வருஷமாக அந்தத் தோட்டத்து ஸ்டோர் அவர் கையில். அவர் உலர்த்திய காய் குடோனுக்கு வந்தால் சாக்கைப் பிரிக்கும்போதே தெரியும். அவரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. மாதவிலக்கான பெண் ஸ்டோர் வாசலைத் தாண்டக் கூடாது, தாண்டினால் காய் நிறம் கெட்டுவிடும். பல தோட்டங்களில் இதையெல்லாம் விட்டுவிட்டார்கள். இவர் விடவில்லை. பெண்களை ஸ்டோர் வேலைக்கு வைக்காததற்கும் இதைத்தான் சொல்வார். மாசம் மூணு நாள் வெளியே நிற்கிறவளை நம்பி எப்படி நெருப்பு மூட்டுவது என்பார்.

தோட்டத்தில் டவர் இல்லை. மார்த்தா அவ்வப்போது போனில் தட்டிப் பார்த்த மொழிபெயர்ப்பும் ஓய்ந்தது. செருப்பைக் கழற்றி, கால் கழுவி நின்றோம். தங்கராசு மாமா வாசலில் குறுக்கே நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தப்பா நெனக்காத தாயி. ரெண்டு பேரும் சுத்தமாத்தான இருக்கீக? அந்தம்மாகிட்டயும் கேட்டுச் சொல்லு."

உள்ளே அந்த வாரம் பறித்த காய் மொத்தமும் தட்டுகளில் இருந்தது. உண்மையைச் சொன்னால் நான் வெளியே. மார்த்தா தனியாக உள்ளே போய் ஒன்றும் புரியாமல் திரும்புவார். அடுத்த நாள் கொச்சிக்குக் கிளம்பிவிடுவார். அவருக்கு என் கைவேலையைக் காட்ட எனக்கு இந்த ஒரு மணி நேரத்தை விட்டால் வேறு இல்லை.

மார்த்தா பக்கம் திரும்பினேன். "சென்யோரா, தியேனே ஃப்ரீயோ?" என்றேன். உங்களுக்குக் குளிர்கிறதா என்று அர்த்தம். அவர் இல்லை என்று தலையசைத்தார்.

"சுத்தமாத்தான் இருக்காகளாம் மாமா. நானும்தான்" என்றேன்.

வழி விட்டார்.

உள்ளே வெக்கை முகத்தில் அடித்தது. முதல் கட்ட ஆவி கிளம்பிக்கொண்டிருந்த நேரம். "லா செகதோரா" என்று மார்த்தா சுற்றிலும் கையைக் காட்டினார். உலர்த்துகிற ஸ்டோருக்கு அவர்கள் மொழியில் அதுதான் பெயர், அதுவும் பெண். இதை நான் மாமாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. மேல் சன்னலை எப்போது மூட வேண்டும் என்று மார்த்தா கேட்டார். "காய் வேர்க்குறது நிக்கணும், அப்பத்தான்" என்றார் மாமா. ஆவி எல் வபோர், சன்னல் லா வென்தானா என்று சொல்லிக்கொண்டே போனேன். ஏழு வாரமாகத் தடுக்கிய ஆர்ட்டிகிள் எல்லாம், பொருளைத் தொட்டதும் தானாக வந்தது. தப்பும் வந்திருக்கும், நின்று பார்க்க நேரமில்லை.

கிழக்கு மூலைத் தட்டைக் காட்டி, இந்தப் பக்கம் சூடு கூடுதல், தட்டை இடம் மாற்ற வேண்டும் என்று மார்த்தாவிடம் சொன்னேன். மாமாவிடமும் சொன்னேன்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"குடோனுக்கு வர்ற காயில தெரியும் மாமா. ஒங்க காயில ஒவ்வொரு சாக்குலயும் கொஞ்சம் மட்டும் லேசா வெளுத்திருக்கும்."

மாமா கிழக்கு மூலைக்கு நடந்தார். போய் அந்தத் தட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு இடம் மாற்றினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கீழ்த்தட்டைக் காட்டக் குனிந்து நிமிர்ந்தபோது, மார்த்தா சட்டென்று என் பின்னால் வந்து நின்றார். தன் சால்வையை உருவி என் இடுப்பில் சுற்றி, முன்னால் இறுக்கி முடிச்சுப் போட்டார். வெளிர் நிறச் சுடிதார் போட்டு வந்த என்னை நானே மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

நிமிர்ந்தால் தங்கராசு மாமா பார்த்துக்கொண்டிருக்கிறார். முடிச்சை, என் முகத்தை, பிறகு தட்டுகளை.

"பாத்தாச்சுல்ல. வெளிய வாங்க" என்றார்.

ஜீப் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். ஒரு செம்பிலிருந்து வாசல்படியில் மஞ்சள் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சோறு இறங்கவில்லை. காய் கெட்டால் பழி என் மேல். முதலாளிக்கு ஒரு போன் போதும், குடோன் வேலையும் போய்விடும். அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. காய் உண்மையிலேயே கெட்டுவிடுமோ என்று நானும் பயந்தேன். எட்டு வருஷம் காயைப் படித்தவள், நெருப்பும் ஆவியும் செய்கிற வேலை இது என்று தெரிந்தவள், சாமிப் படத்துக்கு முன்னால் நின்று காய் கருகக் கூடாது என்று கும்பிட்டேன். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

மூன்றாம் நாள், மார்த்தா மூணாறு வழியாகக் கொச்சிக்குப் போகும் காரில் நானும் ஏறினேன். போகிற வழியில் உலர்ந்த காயைப் பார்க்க வேண்டும் என்றார். மலை ஏற ஆரம்பித்ததும், "நேற்று வாசலில் அந்த மனிதர் என்ன கேட்டார்?" என்றார்.

குளிர்கிறதா என்று கேட்டார் என்றேன்.

"குளிரைப் பற்றிக் கேட்கிறவர் தரையைப் பார்த்துக் கேட்க மாட்டார். என் ஒற்றை 'இல்லை'க்கு நீ அவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசவும் தேவையில்லை."

சொல்லிவிட்டேன். ரத்தம், வாசல், பெண், கூடாது. செருப்பில்லாத வார்த்தைகளாக வந்து விழுந்தன. அவர் ஒன்றைக்கூடத் திருத்தவில்லை.

"அதெல்லாம் எனக்கு நின்று பல வருஷம் ஆகிறது. கேட்டிருந்தால் சிரித்திருப்பேன்" என்றார் அடுத்த வளைவில். நான் புரிந்துகொள்ள வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பேசினார். "நீ உள்ளே வந்ததில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் என் வாயில் வராத பதிலை நீயே சொன்னாய். என் ஸ்டோரில் நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கிறவள் சொல்வதை, நான் பார்க்காத நேரத்திலும் நம்ப வேண்டும். நேற்று மதியம் உன்னைத்தான் எடுப்பது என்று முடிவு செய்தேன். இப்போது தெரியவில்லை. அவரிடம் போய் உண்மையைச் சொல். பிறகு பேசுவோம்."

எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், இந்த மலையில் முழிக்கப்போவது நான் என்று சொல்ல நினைத்தேன். வார்த்தை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அவர் சொன்னது தப்பாகியிருக்காது.

தோட்டத்துக்குள் நுழைந்தபோது காயை இறக்கியிருந்தார்கள். முற்றத்தில் பெண்கள் வலையில் தேய்த்துக் காம்பு உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. ஸ்டோர் வாசலுக்கு இந்தப் பக்கமே நின்று மாமாவைக் கூப்பிட்டேன். கண் சிவந்திருந்தது அவருக்கு.

"மாமா, நேத்து நான் பொய் சொன்னேன். நான் விலக்கு. அந்தம்மாகிட்ட நீங்க கேட்டதையும் கேக்கல, நானாச் சொன்னேன்."

"சால்வையக் கட்டும்போதே தெரிஞ்சுபோச்சு" என்றார். "ராத்திரி பூரா ஸ்டோர விட்டு நகரல நான். இப்பக் கருகும், இப்பக் கருகும்னு பாத்துக்கிட்டே கெடந்தேன்."

உள்ளே போனார். ஒரு பிடி காயை அள்ளி வந்து என் கையில் போட்டார். எல்லாம் பச்சை. விரலால் கிளறிப் பார்த்தேன். அந்தக் கிழக்கு மூலை வெளுப்புகூட ஒரு காயில் இல்லை.

என்ன சொல்கிறார் என்று மார்த்தா கேட்டார். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். "இந்த ஸ்டோரை ஒரு நாள் உன்னிடம் விட்டுவிட்டுப் போவாரா என்று கேள்" என்றார் மார்த்தா. என்னைப் பற்றிய கேள்வியை நானே கேட்க வேண்டும். கேட்டேன்.

தங்கராசு மாமா என்னைப் பார்க்கவில்லை, என் கையில் இருந்த காயைத்தான் பார்த்தார். யோசித்து யோசித்துப் பேசினார்.

"கருகியிருந்தா இந்நேரம் மல பூரா சொல்லியிருப்பேன் தாயி, இவ வந்ததாலதான் கெட்டுச்சுன்னு. கருகல. அப்ப அதையும் நாந்தான மல பூரா சொல்லணும்?"

ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் மார்த்தாவிடம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, ஜனவரியில் குவாத்தமாலாவில் எங்கள் மலையில் தூறிக்கொண்டே இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு வா என்றார்.